கொண்டையில் செருகிய கால்

சப்பாத்துக் கடையில் வேலை செய்கிறவர்களுக்கு வாடிக்கையாளரின் முகம் கடைசியாகத்தான் தெரியும். முதலில் தெரிவது கால். எனக்கு இந்த வேலை பிடித்துப்போனதே அதனால்தான். யாருடைய முகத்தையும் நேராகப் பார்த்துப் பேச வராத பெண் நான். பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் உள்ள அந்தக் கடையில் சேர்ந்தபோது, குனிந்த தலை நிமிராமலேயே சம்பளம் வாங்கலாம் என்பது பெரிய நிம்மதியாக இருந்தது.

வேலை பார்த்துக்கொண்டே வெளிவாரியாகப் பட்டப்படிப்பும் படித்தேன். கிழமை நாட்களில் கடை, ஞாயிறு காலையில் விரிவுரை, இரண்டுக்கும் தெமோதரைப் பக்கத்து எங்கள் தோட்டத்திலிருந்து பஸ். இதை வாசிக்கிற உங்களில் சிலரும் பஸ்ஸில் படித்து விரிவுரையில் தூங்குகிறவர்களாக இருப்பீர்கள். உங்களுக்குப் புத்திமதி சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பக்கத்து ஆசனத்தில் இருக்கிறவள் பெருமூச்சு விடுவது போல, நடந்த சிலவற்றைச் சொல்கிறேன்.

ஈர்க்கு அளவு

தோட்டங்களிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பதுளைக்கு வருகிறவர்கள் வீட்டிலுள்ள எல்லாரையும் கூட்டிக்கொண்டு வருவதில்லை. ஒருவர் வருவார், மற்றவர்களின் கால்கள் அவர் கைப்பையில் வரும். விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, பிள்ளையை நேராக நிற்க வைத்து, குதிகாலிலிருந்து பெருவிரல் நுனி வரை வைத்து முறித்து எடுத்துக்கொண்டு வருவார்கள். நாங்கள் அதைச் சப்பாத்துக்குள் விட்டுப் பார்த்து, முன்னால் கொஞ்சம் இடம் வைத்துக் கொடுப்போம். மூன்று பிள்ளைகள் என்றால் மூன்று ஈர்க்கு. எது யாருடையது என்று தெரிய ஒன்றில் நூல் கட்டியிருக்கும், ஒன்றின் நுனியில் சுண்ணாம்பு இருக்கும். பெட்டி எடுக்க ஏணியில் ஏறும்போது எங்களுக்கு இரண்டு கையும் வேண்டும். அதனால் ஆண்கள் பகுதியில் நிற்கும் சிவா அண்ணன் ஈர்க்கைக் காதில் செருகிக்கொள்வார். பெண்கள் பகுதியில் நிற்கும், எங்களுக்கு அக்கா போன்ற ரினோசா ராத்தா ஹிஜாப்பில் குத்தியிருக்கும் ஊசிக்குள் நுழைத்துக்கொள்வார். பிள்ளைகள் பகுதியில் நிற்கும் நான் கொண்டையில் செருகிக்கொள்வேன்.

ஒருநாள் பெரகலைப் பக்கத்திலிருந்து ஒருவர், பெரியாஸ்பத்திரிக்கு வந்த கையோடு கடைக்கும் வந்தார். மகளுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வேண்டும் என்றார். அளவு கேட்டேன். சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளை நாடாவை எடுத்து நீட்டினார். முதலில் வைத்துப் பார்த்தபோது ஒரு அளவு வந்தது. மறுபடி வைத்தால் வேறு அளவு. கொஞ்சம் இழுத்துப் பிடித்தபோது என் காலுக்கே சரியாக வந்தது. அது பாவாடைக்குப் போடுகிற இலாஸ்டிக். "இது இழுபடுதுங்களே" என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். என் அறியாமைக்காக வருத்தப்படுகிறவர் போல அவர் சொன்னார்:

"தெரிஞ்சுதாம்மா எடுத்தேன். வளர்ற புள்ளைக்கு வளர்ற அளவுதானே எடுக்கணும்?"

ஞாயிறு யாருக்கு

ஞாயிறு எங்கள் கடைக்குத் திருநாள். அதே ஞாயிறு காலையில்தான் எனக்கு விரிவுரைகள். மெனேஜர் ஃபாரூக் நானா கெட்டவர் இல்லை; ஆனால் விதியை விட்டு இம்மியும் அசையாதவர். ஞாயிறு லீவு கிடையாது. ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் தேத்தண்ணிக்குப் போகலாம். வாடிக்கையாளர் நிற்கும்போது ஊழியர் உட்காரக் கூடாது. இவை அவருடைய வேதங்கள்.

லீவு கேட்பதற்காக நான் பல நாட்கள் கல்லாப் பக்கம் போய் நின்றேன். வாயைத் திறப்பேன். அவர் நிமிர்ந்து பார்ப்பார். நான் கல்லாவின் மேலே இருந்த பேனையை நேராக வைத்துவிட்டுத் திரும்பி வருவேன். இந்த நாடகத்தை ரினோசா ராத்தா பெண்கள் பகுதியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு மத்தியானம் என்னை ஸ்டோருக்குள் இழுத்துப்போய், "என்னடி புள்ள, பல்லு வலியா?" என்று கேட்டார். சொன்னேன். என் மணிக்கட்டைப் பிடித்தபடியே மெனேஜர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். ஞாயிறு காலையில் பிள்ளைகள் பகுதியையும் தானே பார்ப்பதாகவும், நான் பகல் பன்னிரண்டுக்கு வந்து கடை மூடும்வரை நிற்பேன் என்றும், பௌர்ணமிப் போயா விடுமுறை நாட்களில் முழுநாளும் வேலை செய்வேன் என்றும் அவரே பேசி முடித்தார். நான் தலையை ஆட்டியதோடு சரி.

ராத்தாவுக்கு முழங்கால் வருத்தம் இருந்தது. இரண்டு பகுதிக்கும் நடுவில் ஞாயிறு முழுக்க அவர் நடக்க வேண்டியிருக்கும் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. நன்றி சொல்லப் போனேன். தட்டிலிருந்த செருப்புகளை நேராக வைத்தேன். அவர் ஒரு செருப்பைத் துடைத்துத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"கேக்க வேண்டியத நான் கேட்டுட்டேன். படிக்க வேண்டியத நீ படி. அதயும் நானே செய்யணுமா?"

மூடியில் எழுதிய பாடம்

மழை பெய்கிற கிழமை நாட்களில், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கடையில் ஈ ஓட்டுவோம். அந்த நேரத்தில் படிக்கலாம். ஆனால் கவுண்டரில் புத்தகம் விரிப்பது மெனேஜருக்குப் பிடிக்காது. அதனால் பாடத்தின் முக்கியமான இடங்களைக் காலியான சப்பாத்துப் பெட்டி மூடிகளின் உட்புறத்தில் எழுதி வைத்துக்கொள்வேன். பெட்டியைத் திறந்து பார்ப்பது போல பாடத்தைப் பார்க்கலாம். ஸ்டோருக்குப் பொறுப்பான நில்மினி அக்கா அந்த மூடிகளை ஒரு தட்டில் தனியாக அடுக்கி வைப்பார். அவர் சிங்களவர்; தங்கச்சியை ‘நங்கி’ என்பார். தமிழைக் கடைக்கு வருகிறவர்களிடம் கற்றுக்கொண்டவர்; வாசிக்க வராது. "நங்கி, இந்த மூடி பரீட்சைக்கா, கழிக்கவா?" என்று ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டிக் கேட்டுத்தான் எதையும் குப்பையில் போடுவார்.

அவர் லீவில் இருந்த ஒரு நாள், ஒரு மூடி தப்பித்துப் போய்விட்டது. யாரோ அவசரத்தில் ஒரு சின்னப் பையனின் சப்பாத்துப் பெட்டியை அதனால் மூடிக் கொடுத்துவிட்டார்கள். சமூக மாற்றத்தின் காரணிகள் முழுவதும் அதில்தான் இருந்தன. நான் ஸ்டோரைக் கவிழ்த்துத் தேடினேன். அடுத்த ஞாயிறு, ஹாலிஎலயிலிருந்து ஒரு தகப்பன் அந்த மூடியைப் பத்திரிகைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். மழை படாமல் நெஞ்சோடு வைத்துக் கொண்டுவந்திருந்தார். என்னிடம் கொடுத்துவிட்டு, சிரிக்காமல் சொன்னார்:

"சப்பாத்து காலுக்குச் சரியா இருக்குங்க மிஸ். பாடந்தான் ரெண்டாம் வகுப்புக்குக் கொஞ்சம் பெரிசா இருக்கு. மாத்தித் தருவீங்களா?"

மைக்

எழுத்துப் பரீட்சைகள் எனக்குப் பயமில்லை. பேச வேண்டியவைதான் பயம். இரண்டாம் வருடத்தில் வகுப்பின் முன்னால் ஒரு கட்டுரையை முன்வைக்கச் சொன்னார்கள். எழுந்து போனேன். எல்லாருடைய முகங்களையும் ஒன்றாகப் பார்த்தேன். பிறகு ஒன்றும் வரவில்லை. விரிவுரையாளர் கொஞ்ச நேரம் பொறுத்திருந்துவிட்டு, மெதுவாக, உட்காரச் சொன்னார். இறுதி வருடத்தில் ஆய்வுக் கட்டுரைக்கு வாய்மொழிப் பரீட்சை இருக்கிறது என்றும், அதில் பேசாமல் நின்றால் பட்டம் கிடையாது என்றும் அன்றே சொல்லிவிட்டார். ஆக, நானும் மற்றவர்களும் படுகிற பாடு எல்லாம் நான் வாயைத் திறப்பதில் போய் நின்றது.

இதைக் கேள்விப்பட்ட சிவா அண்ணன் வைத்தியம் பார்க்கக் கிளம்பினார். மலிவு விற்பனை நாட்களில் கடை வாசலில் மைக் வைத்து அவர்தான் கூவுவார். அவர் குரலுக்கு எதிர்த் தெருவில் போகிறவர்கூடத் திரும்பிப் பார்ப்பார். ஒரு காலையில் மைக்கை என் கையில் திணித்து, "முகத்தப் பாக்க வேணாம் தங்கச்சி, ரோட்டப் பாத்துப் பேசு. வாங்க, சப்பாத்து மலிவுன்னு சொன்னா போதும்" என்றார். நான் ரோட்டைப் பார்த்தேன். "வணக்கம்" என்றேன். அது ஒலிபெருக்கியில் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. "இத்தால் அனைவருக்கும் அறியத் தருவது என்னவென்றால்..." என்று தொடங்கி, குரல் நடுங்கி, நின்றுவிட்டேன். தோட்டங்களில் இப்படித்தான் ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஒரே ஒரு விசயத்தை அறிவிப்பார்கள். நடைபாதையில் போன ஒரு பெரியம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, கலங்கின முகத்தோடு என் பக்கத்தில் வந்து கேட்டார்:

"எந்த வீட்டுச் சாவும்மா? எப்ப எடுக்குறாங்க?"

மூன்று சோடி

ஆய்வுக்கு என்ன தலைப்பு எடுப்பது என்று நான் அலைந்துகொண்டிருந்த நாட்களில், ஒரு காலை, கடை திறந்த உடனே ஒரு பெண் வந்தார். பெரிய பயணப் பெட்டி, அதில் விமான நிலையத்து ஒட்டுத்தாள், புது வாசனை. வெளிநாட்டில் வீட்டு வேலை செய்துவிட்டு, கொழும்பிலிருந்து நேராக வந்து இறங்கியிருக்கிறார். வீட்டுக்குப் போகும் முன் மகளுக்குச் சப்பாத்து வாங்க வேண்டும் என்றார். வழக்கம்போல "அளவு கொண்டு வந்தீங்களா?" என்று கேட்டேன். அவர் தன் உள்ளங்கையை விரித்து, நடுவிரலின் பாதியைத் தொட்டுக் காட்டினார். "நான் போறப்ப இவ்வளவு" என்றார். அது கைக்குழந்தையின் கால். இப்போது பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாளாம். படங்களில் முகம் பார்த்திருக்கிறாராம். யாரும் காலைப் படமெடுத்து அனுப்பவில்லையாம்.

நான் வயதைக் கேட்டு ஒரு அளவு எடுத்துக் கொடுத்தேன். ஒல்லியா, குண்டா என்று கேட்டேன், தெரியவில்லை. அதற்கு மேல் ஒன்றும் கீழ் ஒன்றும் எடுத்து வைத்தேன். அவர் மூன்றையும் மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் கையை விட்டு விட்டுப் பார்த்தார். அளவு தப்பினால் மாற்றித் தருவோம், ஒன்று போதும் என்று சொன்னேன். அவர் மூன்றையுமே கட்டித் தரச் சொன்னார்.

"ரெண்டு மிஞ்சுந்தான். எந்த ரெண்டுன்னு நானே வீட்டுல போய் பாத்துக்கிறேன்."

அந்தப் பெண் போன பிறகு, ஈர்க்கு கொண்டுவருகிற எல்லாரிடமும் நான் ஒரு கேள்வி கேட்கத் தொடங்கினேன். என் சுபாவத்துக்கு அது பெரிய துணிச்சல். "இந்தக் கால் இப்ப எங்கங்க இருக்கு?" கொழும்பில் கடையில், ஆடைத் தொழிற்சாலையில், விடுதியில், குவைத்தில் என்று பதில் வந்தது. தோட்டத்து லயத்து வீடுகளிலேயே இருக்கிற கால்கள் நான் நினைத்ததைவிடக் குறைவாக இருந்தன. அதுவே என் ஆய்வுத் தலைப்பானது.

குடிக்காத தேத்தண்ணி

வாய்மொழிப் பரீட்சைக்குத் திகதி வந்தது. தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, காலையில். பதுளையில் சப்பாத்துக் கடையில் வேலை செய்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: தோட்டத்தில் தீபாவளி முற்பணம் கொடுத்த பிறகு வருகிற ஞாயிறு அது. அன்று எங்கள் கடைக்குள் காற்றுக்கூட வரிசையில் நின்றுதான் வரும். அந்த நாட்களில் லீவு எடுக்கிறவர்கள் திரும்பி வர வேண்டாம் என்பது மெனேஜரின் இன்னொரு வேதம்; ராத்தா பேசித் தந்த ஞாயிறு காலையும் அன்று செல்லாது. அதற்கு முந்தின வருடம் ஒருவர் அப்படிப் போய், உண்மையாகவே திரும்பி வரவில்லை. எங்கள் வீட்டில் அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கிறார். தங்கை படிக்கிறாள். என் சம்பளம் இல்லாமல் வீடு நடக்காது. பரீட்சைக்குப் போகாவிட்டால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அடுத்த வருடமும் தீபாவளி வரத்தான் செய்யும்.

நான் போவதில்லை என்று முடிவெடுத்து, அதை ஸ்டோரில் நில்மினி அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவர் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே கேட்டார். "நங்கி, அன்னிக்கு தேத்தண்ணிக்குப் போறது இருக்குதானே?" என்றார். காலையில் ஆளுக்குக் கொஞ்ச நேரம், ஒருவர் மாறி ஒருவர் போவோம். "அது பதினைஞ்சு நிமிசம் அக்கா" என்றேன். "உனக்கு பதினைஞ்சு. எனக்கும் பதினைஞ்சு இருக்குதானே" என்றார். சொல்லிவிட்டு வெளியே போய், சிவா அண்ணனோடும் ரினோசா ராத்தாவோடும் பொதி கட்டுகிற இரண்டு பேரோடும் ஏதோ பேசினார்.

அடுத்த நாள் காலை ராத்தா மெனேஜரிடம் போனார். "நானா, ஒரு நேரத்துல ஒராள்தானே தேத்தண்ணிக்குப் போகேலும்?" என்று கேட்டார். ஆம் என்றார் அவர். "அந்த ஞாயிறு நாங்க ஒருத்தரும் போகல்ல. இவ மட்டும்தான் போறா. எங்கட நேரமெல்லாம் இவளுக்கு. ஒரு ஆள்தான் வெளியில. விதி சரிதானே?" மெனேஜர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கூரையைப் பார்த்தார். தன்னுடைய விதியில் ஓட்டை தேடித் தோற்றவரின் முகம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். கடைசியில் என்னிடம் கேட்டார்:

"இவ்வளவு நேரம் குடிக்கிற தேத்தண்ணி பதுளையில எந்தக் கடையிலம்மா இருக்கு?"

மேசைக்குக் கீழே

அந்த ஞாயிறு காலை கடை திறந்ததிலிருந்து கூட்டம். ஆண்கள் பகுதியில் கால் வைக்க இடமில்லை. பசறைப் பக்கத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு அம்மா அந்த நெரிசலுக்குள் போக முடியாமல் என்னிடம் வந்தார். கொழும்பில் கடையில் வேலை செய்கிற மகன் தீபாவளிக்கு வருகிறானாம். வருகிறவனுக்குச் சப்பாத்து வாங்கி வைக்க வேண்டும். தைப்பொங்கலுக்கு வந்தபோது, அவன் தூங்கிக்கொண்டிருக்கையில் எடுத்த அளவாம். அன்றிலிருந்து சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாராம். துணியைப் பிரித்து ஈர்க்கைக் கொடுத்தார். கொண்டையில் செருகிக்கொண்டு ஏணியில் ஒரு காலை வைத்தேன். "நேரமாகிட்டு, ஓடு!" என்று ராத்தா கத்தினார். அந்த அம்மாவை அவரிடம் காட்டிவிட்டு ஓடினேன்.

பரீட்சை, மேட்டில் உள்ள ஒரு பள்ளிக்கூட அறையில். கடைச் சீருடையோடுதான் போனேன். மேசைக்குப் பின்னால் பரீட்சகர்களாக ஒரு சேரும் ஒரு மெடமும் இருந்தார்கள். முகங்களைப் பார்த்தவுடன் பழக்கப்படி பார்வை கீழே போனது. மேசைக்குக் கீழே மறைப்பு இல்லை. சேரின் சப்பாத்தில் ஒரு பக்கக் குதி தேய்ந்திருந்தது. மெடம் ஒரு சப்பாத்தைக் கழற்றி, விரல்களைத் தரையில் ஆற வைத்திருந்தார். "தொடங்குங்கள்" என்றார்கள். பயம் வந்தால் என் கை தானாகக் கொண்டைக்குப் போகும். போனது. ஈர்க்கு தட்டுப்பட்டது.

அந்த அம்மாவின் மகனுடைய கால் என் தலையில் இருந்தது. அந்த அம்மா கடையில் நிற்கிறார். அவருடைய தோட்டத்துக்குப் மத்தியானத்துக்கு முன்னால் ஒரே ஒரு பஸ். இந்த அளவைத் திரும்ப எடுக்க மகன் இங்கே இல்லை. எனக்குப் பயப்பட நேரம் இருக்கவில்லை. சீக்கிரம் முடித்துவிட்டு ஓட வேண்டும் என்பதற்காகவே பேசத் தொடங்கினேன். ஈர்க்கை மேசையில் வைத்தேன். இது எப்படி எடுக்கப்படுகிறது, யார் எடுக்கிறார்கள், இந்தக் கால் எங்கே இருக்கிறது, வருடத்துக்கு எத்தனை தடவை வீட்டுக்கு வருகிறது என்று மூச்சு விடாமல் சொன்னேன். கேள்வி கேட்டார்கள்; சொன்னேன். மைக் இருந்திருந்தால் எதிர்த் தெருவுக்கும் கேட்டிருக்கும். முடிந்ததும் சேர் ஈர்க்கை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, என் ஆய்வுக் கட்டுரைக்குள் பக்க அடையாளம் போல வைத்தார். "நல்ல சான்று. இதை நாங்களே வைத்துக்கொள்கிறோம்" என்றார்.

"முடியாது சேர்" என்றேன்.

பெரியவர் ஒருவரிடம் நான் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் "முடியாது" அதுதான். சேர் திகைத்துப் போனார். "இந்தக் காலுக்குச் சப்பாத்து எடுக்கணும் சேர். அவங்க அம்மா கடையில நிக்கிறாங்க" என்று சொல்லி, கட்டுரைக்குள்ளிருந்து ஈர்க்கை உருவிக் கொண்டையில் செருகிக்கொண்டேன். எல்லாம் முடிந்தது, இனி பட்டமும் இல்லை என்று நினைத்துக்கொண்டு வாசலுக்குப் போனபோது, மெடம் கூப்பிட்டார். விரல்களைச் சப்பாத்துக்குள் திரும்பத் திணித்துக்கொண்டே கேட்டார்:

"எந்தக் கடைம்மா உங்களுடையது? எனக்கும் ஒரு அளவு பார்க்க வேண்டும்."

ஒரு பஸ் போனது

நான் மழையில் நனைந்துகொண்டு கடைக்குள் நுழைந்தபோது, பசறை பஸ் போய்விட்டிருந்தது. மெனேஜர் வாசலிலேயே நின்றார். "நீ தேத்தண்ணிக்குப் போனா, வாடிக்கையாளர்ட கால் ஏன்மா கூடப் போகுது?" என்றார். உள்ளே ரினோசா ராத்தா சுவரில் சாய்ந்து ஒரு காலில் நின்றுகொண்டிருந்தார். சிவா அண்ணனின் தொண்டை கட்டியிருந்தது. யாரும் தேத்தண்ணி குடிக்கவில்லை. மெனேஜரின் பிளாஸ்க்கிலிருந்து ஊற்றிய ஒரு கோப்பை மட்டும், அளவு பார்க்க உட்காருகிற வாங்கில், அந்த அம்மாவின் பக்கத்தில் ஆறிப்போய் இருந்தது.

"எம் மகன் காலக் கொண்டுக்கிட்டு எங்கடி போன?" என்று அவர் எழுந்தார். நான் ஈர்க்கை இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் வாங்கி, முறிந்திருக்கிறதா என்று நுனியையும் அடியையும் பார்த்தார். பிறகு கோபம் கொஞ்சம் இறங்கிவிட்டது. ராத்தா ஏற்கெனவே எல்லாவற்றையும் சொல்லியிருந்தார் போலும்.

"பரீட்சையில எம் மகனப் பத்தியா கேட்டாங்க?"

"ஆமாங்க."

"என்ன சொன்ன?"

"கொழும்புல கடையில வேலை செய்றாரு, தீபாவளிக்கு வாராருன்னு சொன்னேன்."

அவர் யோசித்தார். "சரியாத்தான் சொல்லியிருக்க" என்றார். சிவா அண்ணன் மூன்று விதம் எடுத்து வைத்தார். ஈர்க்கை ஒவ்வொன்றுக்குள்ளும் நானே விட்டுக் காட்டினேன். கறுப்பில் ஒன்றைத் தெரிந்தெடுத்தார். ஈர்க்கைத் திரும்பவும் துணியில் சுற்றிக்கொண்டார். அடுத்த பஸ் வரும்வரை வாங்கிலேயே உட்காரச் சொன்னோம். கூட்டத்தில் இடைஞ்சலாக இருக்கும் என்று கேட்கவில்லை. வாசலில் குடையை விரித்துவிட்டு, திரும்பி, கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"பாசாகிட்டா எனக்கும் சொல்லணும். அதுல என்னோட பஸ்ஸு ஒண்ணும் போயிருக்கு."

பிறகு

பெறுபேறு வர மாதங்கள் ஆயின. சித்தியடைந்திருந்தேன். வாய்மொழிப் பரீட்சைக்குத்தான் நல்ல புள்ளி. நில்மினி அக்கா அன்று மூடித் தட்டைக் காலி செய்தார். சமூக மாற்றத்தின் காரணிகள் எழுதிய மூடியை மட்டும் குப்பையில் போட விடாமல் நான் வாங்கிக்கொண்டேன். அரச நியமனத்துக்கு விண்ணப்பித்துவிட்டு, எல்லாரையும் போல காத்திருக்கிறேன். இன்னும் அதே பிள்ளைகள் பகுதிதான். காலையில் தேத்தண்ணிக்கு நான் கடைசியாகப் போகிறேன், ராத்தா முதலில்.

பசறை அம்மா அடுத்த தைப்பொங்கலுக்கு முந்தின ஞாயிறு வந்தார். உள்ளே வர முடியாத கூட்டம். வாசலில் நின்றபடி, அத்தனை தலைகளுக்கும் மேலாக, புருவத்தை உயர்த்தி என்னைப் பார்த்தார். நான் குனியவில்லை. "பாஸுங்க!" என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்கே தெரியாது. கடையில் இருந்த எல்லாக் கால்களும் ஒரு நிமிடம் நின்றன. அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, மடியிலிருந்து துணியை அவிழ்த்து, இரண்டு ஈர்க்குகளை நீட்டினார். ஒன்று எனக்குப் பழக்கமானது. மற்றது அதைவிடச் சின்னது, நுனியில் மஞ்சள் தடவியது.

"இது மருமகளோடது. இதையாச்சும் எங்கேயும் கொண்டு போயிறாத."

ஒரு பட்டதாரியை உருவாக்க எத்தனை விரிவுரையாளர்கள் தேவை என்று எனக்குத் தெரியாது; ஆனால் தேத்தண்ணி குடிக்காமல் நிற்க ஐந்து பேரும், பஸ்ஸைத் தவறவிட ஒரு அம்மாவும் இல்லாமல் காரியம் நடக்காது என்று தெரியும்.